சொல் பிறந்த நாள்

ஹெலன் கெல்லர் 1880-ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கம்பியா என்னும் சிற்றூரில் பிறந்தார். பத்தொன்பதாம் மாதத்தில் அவருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தது, பார்வையும் செவிப்புலனும் போயின. அதற்கு முன் மழலையாய்ப் பேசத் தொடங்கியிருந்த சில சொற்களும் ஒவ்வொன்றாக மறைந்தன. தண்ணீரைக் குறிக்கும் மழலை ஒலி மட்டும் அவரிடம் எப்படியோ தங்கியிருந்தது.

அடுத்த ஐந்து ஆண்டுகள் அக்குழந்தை அறிவற்றுக் கிடந்தது என்று எண்ணிவிடக் கூடாது. ரொட்டி வேண்டுமென்றால் வெட்டுவது போலவும், ஐஸ்கிரீம் வேண்டுமென்றால் உடல் நடுங்குவது போலவும் காட்டுவாள். இப்படி அறுபதுக்கும் மேற்பட்ட சைகைகள் அவளிடம் இருந்தன. ஒருமுறை தாயைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, அவர் கதவைத் தட்டும் அதிர்வை வெளியே படியில் அமர்ந்து உணர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். விருப்பம் இருந்தது, வெறுப்பு இருந்தது, தந்திரமும் இருந்தது. ஆனால் ‘நான்’ என்ற ஒன்று இருந்ததாகத் தமக்கு நினைவில்லை என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். சினம் வந்தது, அது சினம் என்று அறிய வழியில்லை. நாளை என்பதை எதிர்நோக்கவும் வழியில்லை.

1887 மார்ச் 3-ஆம் நாள் ஆனி சல்லிவன் அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. ஏழைகள் விடுதியில் வளர்ந்தவர். உடனிருந்த தம்பியை அங்கேயே பறிகொடுத்தவர். தாமே அரைப் பார்வையோடு வாழ்ந்து, பாஸ்டன் நகரின் பெர்க்கின்ஸ் பள்ளியில் பயின்றவர். அவர் ஒரு பொம்மையைச் சிறுமியின் கையில் தந்து, அதன் பெயரை விரல் எழுத்துக்களால் அவள் உள்ளங்கையில் எழுதினார். ஹெலன் அதைத் திருப்பிச் செய்து காட்டினாள். அவளுக்கு அது விரல் விளையாட்டு, அவ்வளவே. குவளை வேறு, அதிலுள்ள நீர் வேறு என்பதைக் கற்பிக்க ஆசிரியை எவ்வளவோ முயன்றும் இயலவில்லை.

ஏப்ரல் 5 அன்று காலை அந்தக் குழப்பம் முற்றியது. எரிச்சலில் ஹெலன் புதுப் பொம்மையைத் தரையில் வீசி உடைத்தாள். துண்டுகள் காலில் பட்டபோது அவளுக்கு வருத்தமே தோன்றவில்லை. ஆசிரியை அவளை வெளியே அடிகுழாய்க்கு அழைத்துச் சென்றார். ஒரு கையில் குளிர்ந்த நீர் கொட்டிக்கொண்டிருக்க, மறு கையில் ‘நீர்’ என்னும் சொல்லை மெதுவாகவும் பின் விரைவாகவும் எழுதினார். விரல்களின் அசைவும் கையில் ஓடும் குளிர்ச்சியும் ஒன்றையொன்று குறிக்கின்றன என்பது அக்கணத்தில் அவளுக்குப் புலப்பட்டது. சில மணி நேரத்தில் ஏறத்தாழ முப்பது சொற்களைக் கற்றாள்.

அடிகுழாய்க் காட்சியைப் பலரும் அறிவர். அதற்குப் பின் நிகழ்ந்ததோ அதைவிட வியப்பானது. வீட்டுக்குள் திரும்பியதும் ஹெலனுக்கு உடைந்த பொம்மை நினைவுக்கு வந்தது. துண்டுகளைத் தேடி எடுத்து ஒட்ட முயன்றாள், முடியவில்லை. கண்ணீர் வழிந்தது. செய்த செயலுக்காக அவள் வருந்தியது வாழ்வில் அதுவே முதல் முறை. காலையில் காலில் இடறிய வெறும் துண்டுகள், பெயர் வந்த பின் தான் உடைத்த பொம்மையாகிவிட்டன.

தொட்டுக் காட்ட முடியாதவற்றின் பெயர்களைக் கற்பது இன்னும் கடினமாக இருந்தது. அன்பு என்றால் என்ன என்று கேட்ட ஹெலன், அது மலரின் மணமா, வெயிலின் இதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தாள். ஓரிரு நாளுக்குப் பின் மணி கோத்துக்கொண்டிருந்தாள். வரிசை தவறியதால் அடுத்து எதைக் கோப்பது என்று தயங்கி நின்றாள். ஆசிரியை அவள் நெற்றியைத் தொட்டு, ‘சிந்தனை செய்’ என்று கையில் எழுதினார். தலைக்குள் நடந்துகொண்டிருப்பதற்கும் ஒரு பெயர் உண்டென்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. மேகத்தைத் தொட முடியாது, அது பொழியும் மழையை உணர முடியும். அன்பும் அத்தகையதே என்று ஆசிரியை பின்னர் விளக்கினார்.

சொல் கலவாத அறிவே உலகில் இல்லை என்பது நம் நாட்டுப் பண்டைய இலக்கண மேதை பர்த்ருஹரியின் துணிபு. ஹெலனின் வாழ்க்கை அதற்குச் சான்று என்று உடனே முடிவு கட்டுவதற்கில்லை. சொல்லில்லாத நாட்களைப் பற்றி அவர் கூறியவை அனைத்தும் சொற்கள் வந்த பின் எழுதியவையே. அந்த அறுபது சைகைகளையும் மறந்துவிட முடியாது.

சொற்கள் அவருக்குத் துன்பமும் தந்தன. 1891-இல், தம் பதினொன்றாம் வயதில், பனி அரசனைப் பற்றி ஒரு கதை எழுதி பெர்க்கின்ஸ் பள்ளித் தலைவர் அனாக்னோஸுக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினார். கதை அச்சேறியது. அது மார்கரெட் கான்பி முன்பே வெளியிட்ட கதையை வெகுவாக ஒத்திருப்பது பின்னர் தெரியவந்தது. 1888 கோடையில் ஒருவர் அந்நூலை ஹெலனின் கையில் எழுத்தெழுத்தாகச் சொல்லியிருக்க வேண்டும். கதை உள்ளே தங்கிவிட்டது. கேட்ட நினைவு மறைந்துவிட்டது. எண்மர் கொண்ட குழு, ஆசிரியை உடனில்லாமல், அச்சிறுமியைத் தனியே விசாரித்தது. கான்பி அம்மையார் அன்போடு ஆறுதல் எழுதினார். பிற்காலத்தில் எழுத்தாளர் மார்க் ட்வைன் அவ்விசாரணையைக் கடுமையாகக் கண்டித்தார். ஆயினும் ஹெலன் மீண்டும் கதை எழுதவே இல்லை. தாய்க்குக் கடிதம் எழுதும்போதுகூட, இவ்வாக்கியம் எங்கோ படித்ததோ என்ற அச்சத்தில் அதைத் திரும்பத் திரும்பச் சோதிப்பார். காட்சியும் ஒலியும் சொல்லாகவே வந்து சேர்ந்த ஒருவருக்குத் தம் எண்ணம் எது, படித்தது எது என்று பிரித்தறிவது எளிதன்று. கண்ணுள்ளவர்களும் இதில் நாம் நினைக்கும் அளவு தெளிவானவர்கள் அல்லர்.

காணாத நிறத்தையும் கேளாத இசையையும் பற்றி எழுதுவது வெறும் இரவல் சொல் என்று சிலர் குறை கூறினர். 1908-இல் வெளியிட்ட நூலில் அவர் அமைதியாக விடை தந்தார். ஆரஞ்சின் மணத்துக்கும் அதன் இனமான வேறொரு பழத்தின் மணத்துக்கும் உள்ள வேறுபாடு தமக்குத் தெரியும். அதைக் கொண்டு ஒரே சிவப்பில் இரு சாயல்கள் இருப்பதை உணர முடிகிறது என்றார்.

1904-இல் ராட்கிளிஃப் கல்லூரியில் சிறப்புடன் பட்டம் பெற்றார். நாடு நாடாகப் பயணம் செய்து பார்வையற்றோருக்காகப் பேசினார். 1955-இல் இந்தியாவுக்கும் வந்தார். ஆனி சல்லிவன் 1936-இல் காலமானார். அவருடைய வாழ்க்கையை ஹெலன் பல ஆண்டுகளாக எழுதிவந்த கையெழுத்துப் படி 1946-இல் வீட்டில் நேர்ந்த தீயில் அழிந்தது. அறுபத்தாறு வயதுக்கு மேல் அவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். 1955-இல் வெளிவந்த அந்நூலுக்கு அவர் இட்ட பெயர் ‘ஆசிரியை’. 1968 ஜூன் 1 அன்று ஹெலன் மறைந்தார். அவருடைய அஸ்தி வாஷிங்டன் தேவாலயத்தில் ஆனி சல்லிவனின் அஸ்திக்கு அருகில் வைக்கப்பட்டது.