குட்இயர்: உரிமை இருந்தது, பலன் இல்லை

பொருளாதாரம் கற்பித்த ஆண்டுகளில், காப்புரிமை குறித்த பாடம் வரும்போதெல்லாம் சார்லஸ் குட்இயரின் வாழ்க்கையைச் சொல்லாமல் நான் வகுப்பை முடித்ததில்லை. புதியது காண்பவருக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை அளித்தால் உழைப்புக்குப் பலன் கிட்டும் என்பது பாடநூல் கூறும் நியாயம். குட்இயருக்கு உரிமை கிடைத்தது. பலன்தான் வந்து சேரவில்லை.

1800-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் பிறந்தவர். பிலடெல்பியாவில் நடத்திய இரும்புச் சாமான் வணிகம் நொடித்துப்போனது. கடன்பட்டவரைச் சிறையில் அடைக்கும் வழக்கம் அன்று இருந்தது. அவரும் பலமுறை சென்று மீண்டார். 1834 முதல் ரப்பர் அவரைப் பிடித்துக்கொண்டது. அக்கால ரப்பர் கோடையில் உருகி நாறும். குளிரில் விறைத்து வெடிக்கும். வேதியியல் முறையாகக் கல்லாத குட்இயர், மக்னீசியா, சுண்ணாம்பு, நைட்ரிக் அமிலம் என ஒவ்வொன்றாய்ச் சேர்த்துப் பார்த்தார். அமிலம் பலித்ததென்று நம்பி அரசுக்குச் செய்த அஞ்சல் பைகள் வெப்பத்தில் உருக்குலைந்தன. வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைபோயின. பன்னிரண்டு குழந்தைகளில் ஆறு பேர் சிறுவயதிலேயே இறந்தனர். இதைத் தியாகம் என்று போற்றும் வாழ்க்கை வரலாறுகளை என்னால் ஏற்க முடிந்ததில்லை. அந்தத் தியாகத்துக்கு மனைவி மக்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

கந்தகம் சேர்க்கும் யோசனையும் உரிமையும் நத்தானியேல் ஹேவர்ட் என்பவரிடமிருந்து வாங்கியவை. 1839-இல் மாசசூசெட்ஸின் வோபர்னில், கந்தகம் கலந்த ரப்பர் துண்டொன்று சூடான அடுப்பில் பட்டது. உருகியிருக்க வேண்டியது தோல்போலக் கருகி நின்றது. கருகாத விளிம்பு துவண்டு வளைந்தது.

ரப்பர் என்பது ஐசோப்ரீன் அலகுகள் கோத்த நெடுஞ்சங்கிலிகளின் கூட்டம். அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் வெப்பத்தில் இளகுகிறது. சூட்டில் கந்தக அணுக்கள் சங்கிலிக்குச் சங்கிலி பாலம் அமைக்கின்றன. பிறகு இழுத்தால் நீளும். விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும். பாலங்கள் மிகுந்தால் எபோனைட்போல இறுகிவிடும். பெருமூலக்கூறு என்னும் கருத்தை ஸ்டாடிங்கர் முன்வைத்ததே 1920-இல்தான். குட்இயர் காரணம் அறியாமலேயே, எவ்வளவு கந்தகம், எவ்வளவு சூடு என்று ஆண்டுக்கணக்கில் தேடினார். நம் ஊர் பஞ்சர் கடைப் பலகைகளில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பது இதைத்தான். ரோமானியரின் நெருப்புக் கடவுள் வல்கனின் பெயரால் வந்த சொல்.

அமெரிக்கக் காப்புரிமை 1844-இல் கிடைத்தது. அதற்குள் இங்கிலாந்தில், அவருடைய மாதிரித் துண்டுகளைக் கண்டிருந்த தாமஸ் ஹான்காக், சில வாரங்கள் முந்திக்கொண்டு விண்ணப்பித்திருந்தார். அமெரிக்காவிலும் உரிமையை மீறியவர் பலர். 1852-இல் டிரெண்டன் நகரில் நடந்த வழக்கில் குட்இயர் தரப்புக்காக டேனியல் வெப்ஸ்டர் வாதாடி வென்றார். வெப்ஸ்டரின் ஊதியம் 15,000 டாலர். காப்புரிமையைப் பெறும் செலவைவிடக் காக்கும் செலவு பெரிது என்பதற்கு மாணவர்களுக்கு நான் தந்த உதாரணம் இது. குட்இயரும் வணிகர் அல்லர். உரிமங்களை மலிவாக விற்றார், வந்த பணத்தை மேலும் சோதனைகளிலும் கண்காட்சிகளிலும் கொட்டினார். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்குச் சென்றவர் அங்கும் கடனுக்காகச் சிறைப்பட்டார். பிரெஞ்சு அரசின் லீஜியன் ஆஃப் ஆனர் பதக்கம் அவரைச் சிறையிலேயே வந்தடைந்தது.

1860-இல் நியூயார்க்கில் இறந்தபோது கடன் ஏறத்தாழ 2 லட்சம் டாலர். 1898-இல் ஆக்ரன் நகரில் டயர் நிறுவனம் தொடங்கிய ஃபிராங்க் சைபர்லிங் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். குட்இயர் குடும்பத்துக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.