வானத்தைப் படம்பிடித்த பார்னார்டு

சூரியன் நகர நகர அதன் பக்கமே ஒரு பெரிய கருவியைத் திருப்பிக்கொண்டிருப்பது ஒரு சிறுவனின் வேலை என்றால் நம் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். 1866-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்து நாஷ்வில் நகரில், புகைப்பட நிலையம் ஒன்றின் கூரைமீது அவ்வேலையைப் பார்த்து வந்தான், ஒன்பது வயதும் நிரம்பாத எட்வர்டு எமர்சன் பார்னார்டு. மின்விளக்கு இல்லாத அந்நாளில், சிறிய படத்தைப் பெரிதாக்கிப் பிரதி எடுப்பதற்குச் சூரிய வெளிச்சமே கதி. சற்றுக் கண்ணயர்ந்தால் ஒளி விலகிப் பிரதி பாழாகிவிடும். முன்பு அமர்த்தப்பட்ட பையன்கள் வெயிலிலே தூங்கிப்போனார்களாம். இவன் தூங்கவில்லை.

1857-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி பிறந்த இவன், தந்தையின் முகத்தைக் கண்டவனல்லன். பிறக்குமுன்பே அவர் இறந்துவிட்டார். உள்நாட்டுப் போரின் நடுவே கொடிய வறுமையில் தாய் வளர்த்தாள். பள்ளிக்குச் சென்றது ஏறக்குறைய இரண்டே மாதம். எழுத்தும் படிப்பும் தாய் கொடுத்தவை. அப்புகைப்பட நிலையத்திலேயே பதினேழு ஆண்டுகள் உழைத்து, லென்ஸும் மருந்து பூசிய கண்ணாடித் தகடும் கைவந்த கலையாகும்படி தேர்ந்தார் பார்னார்டு.

1876-ஆம் ஆண்டில் ஒருவன் அவரிடம் இரண்டு டாலர் கடன் பெற்று, ஈடாக ஒரு புத்தகத்தை வைத்துப் போனான். கடன் திரும்பவில்லை, புத்தகம் தங்கிவிட்டது. அது தாமஸ் டிக் என்பவர் எழுதிய வான நூல். இரவில் வீடு திரும்புகையில் பால்யம் முதல் தாம் பார்த்துப் பழகிய நட்சத்திரங்களுக்கெல்லாம் பெயர் உண்டென்பதை அன்றுதான் அவர் அறிந்தார். இருபது வயது நிறையுமுன் 5 அங்குல லென்ஸ் தொலைநோக்கி ஒன்றை 380 டாலருக்கு வாங்கினார். அவருடைய ஓராண்டுச் சம்பளத்தில் அது மூன்றில் இரண்டு பங்கு!

1877-இல் நாஷ்வில்லில் அறிவியல் அறிஞர்களின் மாநாடு கூடிற்று. அதன் தலைவரான சைமன் நியூகோம் என்னும் பெரும் வான சாஸ்திரியிடம், தம்மைப் போன்றவன் என்ன செய்யலாம் என்று இளைஞர் கேட்டார். கணிதம் பயிலாதவன் பெரிதாக ஒன்றும் செய்வதற்கில்லை, வேண்டுமானால் வால்நட்சத்திரம் தேடலாம் என்னும் கருத்துப்பட அவர் விடை கூறினார். பார்னார்டு ஒதுங்கி நின்று கண்ணீர் விட்டார் என்பர். ஆனால் அந்த விடையின் இரு பகுதிகளையும் விடாமல் பற்றிக்கொண்டார். ஆசிரியர் ஒருவரை அமர்த்திக் கணிதம் கற்றார். இரவெல்லாம் வால்நட்சத்திரமும் தேடினார். புதிய வால்நட்சத்திரம் ஒன்றுக்கு 200 டாலர் என்று வார்னர் என்னும் செல்வர் பரிசு அறிவித்திருந்த காலம் அது. 1881 முதல் கிடைத்த அப்பரிசுகளால் வீட்டுக் கடன் அடைந்தது. வால்நட்சத்திரம் கட்டிய வீடு என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. 1883-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அவரை அழைத்து, தன் வான ஆராய்ச்சிக் கூடத்தை ஒப்படைத்துப் படிக்கவும் இடம் தந்தது.

பிறகு கலிபோர்னியாவில் ஹாமில்டன் மலைமேல் எழுந்த லிக் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புறப்பட்டார். போய்ச் சேர்ந்தபோது நிலையம் திறக்கப்படவில்லை. சில மாதங்கள் சான்பிரான்சிஸ்கோவில் நகல் எழுதும் குமாஸ்தாவாக இருந்து காலம் தள்ளினார். இதை எழுதுகிறவனும் குமாஸ்தாவாகையால் இச்செய்தியை விட்டுவிட மனம் வரவில்லை!

லிக் நிலையத்தின் 36 அங்குலத் தொலைநோக்கி அந்நாளில் உலகிலேயே பெரிய லென்ஸ் தொலைநோக்கி. 1892 செப்டம்பர் 9-ந் தேதி அதன் வழியாக வியாழனின் ஐந்தாவது சந்திரனை அவர் கண்டார். கலிலியோ நான்கு சந்திரன்களைக் கண்டு 282 ஆண்டுகள் கழிந்திருந்தன. உலகம் வியந்தது. ஆயினும் பார்னார்டின் பெருமை அந்தப் பெரிய கருவியில் இல்லை என்பதே என் எண்ணம்.

1889-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் கையில் எடுத்தது, மனிதர் முகத்தைப் படமெடுப்பதற்கென்று செய்யப்பட்டுப் பழையதாக வாங்கப்பட்ட ஒரு 6 அங்குல லென்ஸ். அதன் குவிதூரம் 31 அங்குலமே. பெரிய தொலைநோக்கிக்கோ ஏறக்குறைய 57 அடி. நெபுலா எனப்படும் வான்முகில் நட்சத்திரத்தைப் போல ஒரு புள்ளியன்று. மங்கலாகப் பரந்து கிடப்பது. குவிதூரம் நீண்டால் அதன் ஒளியும் தகட்டில் பரந்து நீர்த்துப்போகும். குறுகினால் செறிந்து விழும். ஆகவே நெபுலாவைப் பொறுத்தவரை அச்சிறு லென்ஸ் பெரிய கருவியைவிடப் பத்து மடங்குக்கும் மேலான செறிவோடு தகட்டில் ஒளியைப் பதித்தது. அன்றியும் வானத்தின் பெரும்பரப்பு ஒரே தகட்டில் அடங்கிற்று.

ஆனால் படமெடுக்க மூன்று மணி, நான்கு மணி நேரம் பிடிக்கும். அத்தனை நேரமும் பூமி சுழல்கிறது. கடிகார இயந்திரம் கருவியைத் திருப்பினாலும் அதில் பிழை உண்டு. எனவே உடன் கட்டிய சிறு தொலைநோக்கியில் ஒரு நட்சத்திரத்தைக் குறுக்கிழைகளின் சந்திப்பில் நிறுத்தி, அது இம்மியும் நழுவாதபடி கையால் திருத்திக்கொண்டே இருக்கவேண்டும். வெதுவெதுப்பான காற்று கலந்தால் நட்சத்திரம் ஆடும். ஆகையால் கணப்பும் கூடாது. இரவுப் பணி பார்த்தவர்களுக்கு மூன்று மணிக்கு வரும் தூக்கம் எப்படிப்பட்டது என்று தெரியும். கூரைமேல் சூரியனைத் தொடர்ந்த சிறுவன் இங்கே நட்சத்திரத்தைத் தொடர்ந்தான், அவ்வளவே.

பெரிய தொலைநோக்கியில் கண்ணுக்கு எட்டாத நெபுலாக்கள் தகட்டில் வெளிப்பட்டன. 1894-இல், படம் காட்டும் விளக்கின் ஒன்றரை அங்குல லென்ஸ் ஒன்றைக் கொண்டே, மிருகசீரிட மண்டலத்தைச் சுற்றி வளைத்து நிற்கும் மாபெரும் ஒளி வளையத்தைப் படமாக்கினார். பிக்கரிங் என்பவர் 1889-இலேயே அதைப் படமெடுத்திருந்தும், இன்று அது பார்னார்டின் பெயராலேயே அறியப்படுகிறது.

அத்தகடுகளிலேதான் அவரை வாட்டிய கேள்வியும் இருந்தது. பால்வீதியின் அடர்ந்த நட்சத்திரக் கூட்டத்தின் நடுவே கருந்திட்டுகளும் கருவாய்க்கால்களும் தென்பட்டன. அவை நட்சத்திரங்கள் இல்லாத வெற்றிடங்கள் என்பது ஹெர்ஷல் காலம் முதல் நிலவிய கொள்கை. பார்னார்டும் அவ்வாறே கருதினார். லண்டனில் ரான்யார்டு என்பவர், பார்னார்டின் படங்களையே பார்த்து, இவை ஒளியை மறைக்கும் கரிய பொருளாக இருக்கலாம் என்று எழுதினார். படமெடுத்தவரோ பல ஆண்டுகள் உடன்படவில்லை.

1895-இல் பார்னார்டு சிகாகோ பல்கலைக்கழகத்தின் எர்க்ஸ் நிலையத்துக்கு மாறினார். புரூஸ் அம்மையாரின் 7,000 டாலர் நன்கொடையால் அங்கே 10 அங்குலப் புகைப்படத் தொலைநோக்கி ஒன்று உருவாயிற்று. 1905-இல் அதனைக் கலிபோர்னியாவின் வில்சன் மலைக்குக் கொண்டுபோய் மாதக் கணக்கில் பால்வீதியைப் படமெடுத்தார். ஐயம் மட்டும் தீரவில்லை.

1913-ஆம் ஆண்டுக் கோடையில், நிலவில்லாத தெளிந்த ஓரிரவு. தனுசு ராசியின் ஒளிப்பரப்பின் குறுக்கே சிறுசிறு மேகங்கள் மிதந்து சென்றன. பகலில் வெண்பஞ்சாகத் தோன்றும் மேகங்கள், பால்வீதியின் ஒளிக்கு முன்னே மைத்துளிகளாகக் கறுத்துத் தெரிந்தன. தகட்டிலே இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்து வந்ததை அன்று அவர் தலைக்கு மேலே கண்டார். 1919-இல் 182 கரும்பொருள்களுக்கு அட்டவணை வெளியிட்டார். அப்போதும், எல்லாமே முகில்கள் என்று அவர் சாதிக்கவில்லை. சில வெற்றிடமாகவும் இருக்கலாம் என்று விட்டுவைத்தார். இதனைப் பிடிவாதம் என்பாரும் உண்டு. தெரிந்த அளவே சொல்லும் நேர்மை என்று எனக்குப் படுகிறது. அவருடைய 68-ஆம் எண் முகிலைப் பிற்காலத்தில் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்தபோது, பின்னால் மறைந்திருந்த நட்சத்திரங்கள் தெரிந்தன. இம்முகில்கள் வாயுவும் தூசியும் செறிந்தவை. இத்தகையவற்றுள்ளேதான் நட்சத்திரங்கள் பிறக்கின்றன.

1914-இல் நீரிழிவு நோய் கண்டு, ஏறக்குறைய ஓராண்டு இரவுப் பணியிலிருந்து விலக்கிவைக்கப்பட்டார். 1921-இல் மனைவி ரோடா காலமானார். பிள்ளைகள் இல்லை. பால்வீதிப் படத்தொகுதியை வெளியிடுவதே எஞ்சிய ஆசை. அச்சில் நுட்பம் போய்விடும் என்று அஞ்சி, புகைப்படப் பிரதிகளையே ஒட்டி 700 நூல்கள் செய்ய ஏற்பாடாயிற்று. 35,000-க்கும் மேற்பட்ட பிரதிகளை ஒவ்வொன்றாகத் தாமே பரிசோதித்தார். 1923 பிப்ரவரி 6-ந் தேதி அவர் காலமானபோது நூல் முடிவுபெறவில்லை. ரோடாவின் சகோதரர் மகளான மேரி கால்வெர்ட்டும், எர்க்ஸ் நிலையத்து இயக்குநர் பிராஸ்டும் எஞ்சிய பணியை முடித்தனர். நூல் 1927-இல் வெளிவந்தது.