சுப்பாராவும் எங்க ஆயாவின் ஊசியும்

 

எங்க வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஆயாவோட இன்சுலின் மருந்து ஒரு சின்ன மண் பானையில், ஈர மணலுக்கு நடுவில் இருக்கும். காலையில் ஊசி போடுவது என் வேலை. ஒழுங்காகப் போட்டும் சில நாள் சர்க்கரை இறங்காது. மருந்துதான் உடம்புக்குள்ளே போயிடுச்சே, அப்புறம் என்ன என்று சயின்ஸ் மிஸ்ஸிடம் கேட்டேன். மிஸ் பதில் சொல்லாமல், முதலில் எல்லாப்பிரகட சுப்பாராவ் யார் என்று படிச்சுட்டு வரச் சொன்னாங்க. படித்ததைத்தான் எழுதுகிறேன்.

அவர் 1895 ஜனவரி 12-ல் பீமாவரத்தில் பிறந்தார். இப்போ அது ஆந்திரா; அப்போ நம்ம சென்னை மாகாணம். வீட்டில் ரொம்ப வறுமை. 13 வயசில், காசிக்குப் போய் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் வித்தே பணக்காரன் ஆகலாம்னு வீட்டை விட்டு ஓடினார். அம்மா பிடித்து இழுத்து வந்து மறுபடி பள்ளிக்கூடத்தில் விட்டாங்க. மெட்ரிகுலேஷனில் இரண்டு தடவை ஃபெயில்! மூணாவது தடவைதான், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துப் பாஸ் ஆனார். (காலாண்டில் அறிவியலில் 31 வாங்கிய நான் இந்த இடத்தை இரண்டு முறை படித்தேன்.)

பிறகு பிரசிடென்சி காலேஜ். அப்புறம் சென்ட்ரல் எதிரில் இருக்கும் மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். காந்தியடிகள் சொன்னார் என்று ஆபரேஷன் வகுப்புக்கும் கதர் உடுத்திப் போனார். அது வெள்ளைக்கார புரொஃபசருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். இதற்கிடையில் கூடப் பிறந்த இரண்டு பேரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய் கொண்டுபோய்விட்டது.

1922-ல் மாமனார் பண உதவியோடு கப்பலேறி அமெரிக்கா போனார். (அதே வருஷம் ஜனவரியில்தான் கனடாவில் 14 வயசுப் பையன் ஒருத்தனுக்கு உலகிலேயே முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள்.) பகலில் ஹார்வர்டில் படிப்பு. ராத்திரியில் பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் பெட்பான் கழுவும் வேலை.

அங்கே ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து, ரத்தத்தில் பாஸ்பரஸ் எவ்வளவு என்று நீல நிறத்தை வைத்தே அளக்கும் முறையை 1925-ல் கண்டுபிடித்தார். உலகம் முழுக்க லேபுகளில் அந்த முறைக்கு இவர் பெயரும் உண்டு. 1929-ல் இரண்டு பேரும் தசையிலிருந்து ஏ.டி.பி. என்ற பொருளைப் பிரித்தார்கள். ஜெர்மனியில் லோமன் என்பவரும் அதே வருஷம் கண்டுபிடித்தார். மூன்று பாஸ்பேட் வரிசையாகக் கோத்த சின்ன மூலக்கூறு. செல்லுக்குள் எந்த வேலை நடந்தாலும் செலவாகும் காசு அதுதான்.

இதற்கும் ஆயாவுக்கும் என்ன சம்பந்தம்? இப்போதான் மிஸ் சொன்னாங்க. இன்சுலின் வேலை செய்ய செல்லுக்குள் போகத் தேவையே இல்லையாம்! 51 அமினோ அமிலம் கோத்த பெப்டைடு அது. செல்லின் எண்ணெய்ச் சுவரைத் தாண்ட முடியாது. நம்ம ஹார்பர் கேட்டில் லாரிக்காரர் சீட்டு நீட்டுவார் பாருங்கள், அந்த மாதிரி வெளியே நிற்கும். கேட்டில் இருப்பது ஏற்பி, அதாவது ரிசெப்டர். அதன் ஒரு பாதி வெளியே, மறுபாதி உள்ளே. வெளியே இன்சுலின் ஒட்டியதும் உள்பாதி விழித்துக்கொண்டு, ஏ.டி.பி.யிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி முதலில் தன் மேலேயே ரப்பர் ஸ்டாம்ப் மாதிரி குத்திக்கொள்கிறது. அப்புறம் பக்கத்துப் புரதத்தின் மேல். அது இன்னொன்றை எழுப்பும். இப்படியே செய்தி கை மாறி, சர்க்கரைக் கதவுகள் மேலே வந்து திறக்கின்றன. இந்த ஸ்டாம்ப் வேலையைக் கண்டுபிடித்தது 1982-ல்.

பட்டினியில் சுரக்கும் குளுக்ககானும் வெளியேதான் நிற்கும். அதற்கு ஏ.டி.பி.யையே வெட்டி வளைத்து உள்ளே தூது அனுப்புகிறது செல். அந்தத் தூதைக் கண்டுபிடித்த சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல். சுப்பாராவுக்குக் கிடைக்கவே இல்லை. எனக்கு இதில் கோபம்தான்.

ஹார்வர்டில் நிரந்தர வேலையும் கிடைக்கவில்லை. 1940-ல் லெடர்லி மருந்துக் கம்பெனிக்குப் போனார். யானைக்கால் நோய்க்கு மாத்திரை அங்கே அவர் குழு கண்டுபிடித்தது. நமக்கு வாராவாரம் பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் இருக்கே, அதைத் தயாரிக்கும் வழியும் அவர் குழு கண்டதுதான். அது ஸ்ப்ரூவுக்கும் மருந்து. கூடப் பிறந்தவர்கள் போய்ச் சேர்ந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. 1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் 53 வயசில் இறந்தார். ஊரில் காத்திருந்த மனைவியைப் பார்க்கத் திரும்பி வரவே இல்லை.

ஆயாவுக்கு என்ன கோளாறு? சீட்டு கேட்டுக்கு வருது. உள்ளே ஸ்டாம்ப் சரியாக விழலை. டாக்டர் நடக்கச் சொன்னதன் அர்த்தமும் புரிந்தது. நடந்தால் தசையில் ஏ.டி.பி. வேகமாகச் செலவாகும். அதை உணரும் புரதம் ஒன்று, இன்சுலின் சீட்டைப் பார்க்காமலே வேறு வழியில் சர்க்கரைக் கதவைத் திறந்துவிடுமாம்.

அதனால் சாயங்காலம் நானும் ஆயாவும் கன்டெய்னர் லாரி வராத தெருவாகப் பார்த்து நடக்கிறோம். ஆயா கால் வலிக்குதுன்னு என்னைத் திட்டிக்கிட்டேதான் வரும். நேற்று திருவொற்றியூர் கோயில் குளம் வரைக்கும் போய் வந்தோம்.

— 10-ஆம் வகுப்பு 'பி' பிரிவு மாணவன்