பிள்ளையில்லாத தந்தை: தஞ்சை சுவார்ட்ஸ் ஐயர்

நம் திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கானோர் மலையைச் சுற்றி நடக்கிறார்கள். இதே ஊரின் மண்ணில், 1767 செப்டம்பரில், ஒரு பெரும் போர் நடந்தது. ஒரு பக்கம் தளபதி ஸ்மித்தின் ஆங்கிலேயப் படை. மறுபக்கம் மைசூர் ஹைதர் அலியும் ஐதராபாத் நிஜாமும். அன்றைய தமிழகம் இப்படித்தான் இருந்தது. நவாபு, மராட்டிய மன்னர், மைசூரார், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர் என்று யார் வந்தாலும் மிதிபட்டது ஏழை உழவனின் வயல்தான். யாரும் யாரையும் நம்பாத காலம் அது.

அந்தப் போர் நடந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அதே ஹைதர் அலியின் அரண்மனைக்கு ஒரு குரு தூது சென்றார். அவர் ஒரு லூத்தரன் திருச்சபைக் குரு. பெயர் கிறிஸ்தியான் பிரடெரிக் சுவார்ட்ஸ். தஞ்சைப் பகுதி மக்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்று அழைத்தார்கள். எல்லாரும் எல்லாரையும் சந்தேகித்த நாளில், எல்லாத் தரப்பினரும் நம்பிய ஒரே மனிதராக அவர் எப்படி ஆனார்? இன்று நாம் சிந்திக்க வேண்டிய வாழ்க்கை இது.

தாயின் காணிக்கை

சுவார்ட்ஸ் 1726ஆம் ஆண்டு, அன்றைய பிரஷ்ய நாட்டின் சோனன்பர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த ஊர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. சிறு வயதிலேயே தாயை இழந்தார். மரணப் படுக்கையில் இருந்த அந்தத் தாய், இந்தப் பிள்ளையை இறைவனுக்கு அர்ப்பணித்துவிட்டதாகவும், அவன் குருவாக விரும்பினால் தடுக்க வேண்டாம் என்றும் கணவரிடம் கேட்டுக்கொண்டார்.

ஹாலே பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, அங்கிருந்த முன்னாள் மறைப்பணியாளர் சூல்ட்சேயிடம் அவர் தமிழ் கற்றார். 1749இல் கோபன்ஹேகனில் திருநிலைப்படுத்தப்பட்டார். தந்தையின் சொத்தில் தமக்கு வரவேண்டிய பங்கை உடன்பிறந்தவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார். நான்கே மாதங்களில் தமிழில் மறையுரை ஆற்றினார். பிறகு தாயகம் திரும்பவே இல்லை.

அவருடைய திருச்சபையில் குருக்கள் திருமணம் செய்துகொள்ளலாம். ஆனாலும் அவர் மணம் முடிக்கவில்லை. திருச்சிராப்பள்ளியில் ஒரு கட்டிலும் ஓர் ஆளும் மட்டுமே கொள்ளக்கூடிய சிறிய அறையில் வாழ்ந்தார். சோறும் காய்கறியும்தான் உணவு. 1768இல் திருச்சி ஆங்கிலப் படையினரின் ஆன்மிகப் பணிக்காக ஆண்டுக்கு 100 பவுண்டு ஊதியம் வந்தபோது, முதலாண்டுத் தொகையை முழுவதும் மறைப்பணிக்கே கொடுத்துவிட்டார். தமிழோடு பாரசீகம், மராத்தி, இந்துஸ்தானி, போர்த்துக்கீசியம், ஆங்கிலம் என்று பல மொழிகளில் மக்களோடு பேசினார்.

300 ரூபாய்

1779இல் ஹைதர் அலியிடம் சமாதானம் பேசச் சென்னை ஆளுநர் அனுப்பியது இவரைத்தான். வேறு தூதர் வேண்டாம், இந்தக் குருவை அனுப்புங்கள் என்று ஹைதரே கேட்டதாகச் சொல்வார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அவருக்கு நல்ல வரவேற்பு கிடைத்தது. திரும்பும்போது ஹைதர் வழிச்செலவுக்கு 300 ரூபாய் கொடுத்தார். மறுக்க முடியாமல் வாங்கிய சுவார்ட்ஸ், சென்னை வந்ததும் அதை அப்படியே அரசிடம் ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லவே, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்க அதை முதலாக்கினார்.

அந்தத் தூது வெற்றி பெறவில்லை. அதே ஆண்டில் ஹைதரின் எதிர்ப்பையும் மீறி மாஹேயைக் கைப்பற்றியிருந்த கம்பெனியின் சொல்லை ஹைதர் நம்பத் தயாராக இல்லை. 1780இல் பெரும் படையோடு அவர் கீழே இறங்கினார். ஊர்கள் எரிந்தன. ஆனால் இந்தப் பாதிரியாரை மட்டும் எங்கும் தடுக்கக் கூடாது என்று தம் படைவீரர்களுக்கு ஆணையிட்டிருந்தார்.

போரைத் தொடர்ந்து பஞ்சம் வந்தது. தஞ்சைக் கோட்டைக்குள் மக்கள் பசியால் செத்து விழுந்தார்கள். வெளியே கிராமங்களில் நெல் இருந்தது; கொண்டுவர மாடு இல்லை. முன்பு கொடுத்த மாட்டுக்கும் நெல்லுக்கும் கூலி வராமல் ஏமாந்தவர்கள், மன்னரையும் நம்பவில்லை, கம்பெனியையும் நம்பவில்லை. அப்போது சுவார்ட்ஸ், பணத்துக்குத் தாமே பொறுப்பு என்று கடிதம் எழுதினார். ஓரிரு நாள்களில் 1,000 மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. அனைவருக்கும் சொன்னபடி கூலி கொடுக்கப்பட்டது. அதுமட்டுமல்ல, விலை மலிவாக இருந்த நாளில் தாம் வாங்கிச் சேமித்திருந்த அரிசியையும் பசித்தவர்களுக்குப் பகிர்ந்தார். பின்னாளில், கொடுமை தாங்காமல் நிலத்தை விட்டு ஓடிய உழவர்களும் அவர் வாக்கை நம்பித் திரும்பினார்கள். ஒரே நாளில் 7,000 பேர் வந்தார்கள்.

மடியில் வைக்கப்பட்ட குழந்தை

இப்படிப்பட்டவரும் ஒருமுறை தவறினார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

1787இல் தஞ்சை மன்னர் துல்ஜாஜி மரணப் படுக்கையில் இருந்தார். தாம் தத்தெடுத்த பத்து வயதுச் சிறுவன் சரபோஜியைச் சுவார்ட்ஸிடம் ஒப்படைத்துக் காக்கும்படி வேண்டினார். சுவார்ட்ஸ் தயங்கினார். அரண்மனைச் சூழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு குரு எப்படி ஒரு பிள்ளையைக் காக்க முடியும்? மன்னரின் சகோதரர் அமர் சிங்கிடமே பொறுப்பைக் கொடுங்கள் என்று ஆலோசனை சொன்னார்.

நல்லெண்ணத்தோடு சொன்ன யோசனைதான். ஆனால் விலை கொடுத்தது அந்தச் சிறுவன். தத்து செல்லாது என்று பண்டிதர்கள் சொல்ல, கம்பெனி அமர் சிங்கையே மன்னராக்கியது. சரபோஜி ஏறக்குறைய கைதி போல, வெளிச்சமும் கல்வியும் இல்லாமல் அடைக்கப்பட்டான்.

இதை அறிந்த சுவார்ட்ஸ், அரசியல் நமக்கெதற்கு என்று ஒதுங்கவில்லை. முதலில் தயங்கிய பொறுப்பை இப்போது முழுமனதோடு ஏற்றார். சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் முறையீடுகள் எழுதினார். 1793இல் சிறுவனைப் பாதுகாப்பாகச் சென்னைக்கு அனுப்பினார். அங்கே நண்பர் கெரிக்கே ஐயரின் பொறுப்பில் அவன் கல்வி தொடர்ந்தது. தத்து செல்லும் என்று வேறு பண்டிதர்கள் கூறும்வரை அவர் ஓயவில்லை.

1798 பிப்ரவரி 13 அன்று சுவார்ட்ஸ் இறந்தார். அதே ஆண்டு ஜூன் மாதம் சரபோஜி அரியணை ஏறினார். தம் பத்தாண்டு உழைப்பின் கனியைக் காண அந்த முதியவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இளைஞர் சரபோஜி வந்து முகம் பார்க்கும்வரை அடக்கம் தாமதப்படுத்தப்பட்டது. ஒரு மகனைப் போல அவர் அழுதார்; கல்லறைவரை உடன் சென்றார். பின்னர் இலண்டன் சிற்பி பிளாக்ஸ்மேனைக் கொண்டு பளிங்கில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்தார். படுக்கையில் கிடக்கும் குருவின் கையை இளவரசர் பிடித்திருக்கும் அந்தச் சிற்பத்தைத் தஞ்சை சிவகங்கைப் பூங்கா அருகிலுள்ள கிறிஸ்து ஆலயத்தில் இன்றும் காணலாம்.

சரபோஜி கடைசிவரை இந்துவாகவே வாழ்ந்தார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த அவர், அந்த வளர்ப்புத் தந்தையை மறக்கவுமில்லை. ஆலயமணியும் கோயில் மணியும் சேர்ந்து ஒலிக்கும் நம்மைப் போன்ற ஊர்களுக்கு இது ஒரு பெரிய பாடம்.

சரபோஜி மட்டுமல்ல. உடன் பணியாளரின் மகன் கோல்ஹோப் இவர் கையில் வளர்ந்து 1787இல் குருவானார். திருநெல்வேலியிலிருந்து பன்னிரண்டு வயதில் இவரோடு வந்த சிறுவன்தான் பின்னாளில் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார். மணமாகாத இந்த மனிதரின் குடும்பம் எவ்வளவு பெரிது!

குறையும் உண்டு. அவரது சபையில் சாதிப்படி தனித்தனி இருக்கைகள் இருந்தன. மெல்ல மாறும் என்று அவர் பொறுத்தார்; அது எளிதில் மாறவில்லை. நம் கத்தோலிக்க ஆலயங்களிலும் இதே புண் இருந்ததை நினைத்தால், கல்லெறிய நமக்குக் கை வராது. ஆனால் திருந்தக் கடமை இருக்கிறது.

1999இல் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் மீட்பு பற்றிய பொது அறிக்கையில் கையெழுத்திட்டன. அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இந்த லூத்தரன் குருவிடம், நம் புனித யோசேப்பின் சாயலைக் காண்கிறேன். பெறாத பிள்ளையைத் தன் பிள்ளையாக ஏற்றவர், தயங்கினாலும் பின்வாங்காதவர்.

அன்புக்குரியவர்களே, நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஒரு பிள்ளை, ஒரு முதியவர், ஓர் அயலார் இன்று எந்த அறையில் காத்திருக்கிறார்? நமக்கெதற்கு என்று எப்போதோ நாம் கைமாற்றிய பொறுப்பு எது? பத்து ஆண்டுகள் ஆனாலும் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். தவறைத் திருத்த இறைவன் தரும் காலம் இன்னும் முடியவில்லை. அந்த மனவலிமையை அவரிடமே கேட்போம்.