மூங்கில் சிலுவையோடு நடந்த மனுஷன்

எழுப்புதல் என்றதும் நமக்கு வேல்ஸ் தேசமும் அசூசா தெருவும்தான் ஞாபகம் வரும். எந்த மிஷனெரி சங்கமும் அனுப்பாத ஒரு ஆப்பிரிக்க ஊழியக்காரரைப் பற்றி இந்த மாதம் எழுதுகிறேன். அவர் பேர் வில்லியம் வேட் ஹாரிஸ்.

சுமார் 1860-ல் லைபீரியாவின் கடலோரத்தில் கிரெபோ ஜனத்தில் பிறந்தவர். கப்பலில் கூலி வேலை, பிறகு மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். 1909-ல் லைபீரிய அரசை எதிர்த்து பிரிட்டிஷ் கொடியை ஏற்றினதால் ஜெயிலுக்குப் போனார். இதை மறைத்துவிட்டு, சுவிசேஷத்துக்காகச் சிறைப்பட்டார் என்று பிரசங்கிப்பது எனக்குப் பிடிக்காது. அரசியல் கைதியாகத்தான் போனார். 1910-ல் அங்கேதான் காபிரியேல் தூதனைத் தரிசனத்தில் கண்டதாகச் சாட்சி சொன்னார்.

1913-ல் கவல்லி ஆற்றைத் தாண்டி, பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஐவரி கோஸ்டுக்குள் நடந்தே போனார். வெள்ளை அங்கி, தலைப்பாகை, கையில் மூங்கில் சிலுவை, வேதாகமம், தண்ணீருக்கு ஒரு சுரைக்குடுவை. கூட வந்த சகோதரிகள் சுரைக்காய்க் கிலுக்கைக் குலுக்கிப் பாடுவார்கள். ஜனங்கள் மந்திரப் பொருட்களைக் கொண்டுவந்து நெருப்பில் போட்டார்கள். உடனே தலையில் தண்ணீர் தெளித்து ஞானஸ்நானம். முழுக்கு இல்லையே பாஸ்டர் என்று கேட்பீங்க. நானும் முழுக்குக்காரன்தான். ஆனா ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு லட்சம் பேர் விக்கிரகத்தை விட்டு வந்தார்களே, அதை என்ன சொல்ல! பாட்டு கற்றுத்தரக் கேட்டவர்களிடம், அவங்கவங்க ஊர் மெட்டிலேயே கர்த்தரைப் பாடச் சொன்னார்.

1914 கடைசியில் அதிகாரிகள் அவரைப் பிடித்து, அடித்து, லைபீரியாவுக்குத் துரத்திவிட்டார்கள். ஊழியம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

1924-ல் வில்லியம் பிளாட் என்ற மெதடிஸ்ட் மிஷனெரி அந்தக் கரையோரமாகப் பயணம் செய்தார். கிராமம் கிராமமாகச் சபைகள் இருந்தன! மீன்பிடிக்கிற, தோட்டவேலை செய்கிற ஜனங்கள் ஞாயிறு வேலையை நிறுத்திவிட்டுக் கூடி ஜெபித்தார்கள். வாசிக்கத் தெரியாதவர்கள் வேதாகமத்தை வாங்கி ஜெபவீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதைக் கற்றுக்கொடுக்க ஆள் வரும் என்று ஹாரிஸ் சொல்லியிருந்தாராம். சில ஜெபவீடுகளை அதிகாரிகள் இடித்தும் இருந்தார்கள். பத்து வருஷம், பாஸ்டர் இல்லாமல்! நம்ம சபையில் நான் இரண்டு ஞாயிறு ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன்.

ஹாரிஸ் திரும்பிப்போக எத்தனையோ தடவை முயன்றார், எல்லையில் விடவில்லை. 1926-ல் ஒரு மிஷனெரி அவரை வீட்டில் போய்ப் பார்த்தார். வயசாகி, வறுமையில் இருந்தவர், தம் ஜனங்கள் மெதடிஸ்ட் சபையோடு சேரட்டும் என்று சொல்லி அனுப்பினார். 1929-ல் மரித்தார். அநேகர் அப்படியே சேர்ந்தார்கள். மற்றவர்கள் ஹாரிஸ் சபை என்று தனியாக நின்றார்கள். வெள்ளை உடுப்போடு அந்தச் சபை இன்றும் ஐவரி கோஸ்டில் கூடிவருகிறது.