லீவன்ஹூக்கும் ஒரு வாய்க் காடியும்

நுண்ணுயிர்களை முதன்முதல் கண்டு உலகுக்கு உரைத்தவர் என்ற அளவில் அந்தோனி வான் லீவன்ஹூக்கை விஞ்ஞான மாணவர் அனைவரும் அறிவர். அவர் காடியைக் கொண்டு செய்த சிறு சோதனையை அறிந்தவர் சிலரே. அதன் பொருட்டே அவர் வரலாற்றை எழுதப் புகுந்தேன்.

1632-ஆம் ஆண்டு ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரில், கூடை முடைபவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். 16-ஆம் வயதில் ஆம்ஸ்டர்டாம் சென்று துணி வாணிகம் பழகினார். பின்னர் சொந்த ஊரில் கடை வைத்தார். நம் பழவேற்காட்டிலிருந்து டச்சுக் கப்பல்கள் துணிப்பொதிகளை ஏற்றிச் சென்ற காலம் அது. இழைகளின் தரம் பார்க்க வணிகர்கள் கண்ணாடி வில்லைகளை வைத்திருப்பர். லீவன்ஹூக் தாமே வில்லை செய்யக் கற்று, ஏறத்தாழ 500 நுண்ணோக்கிகளை ஆக்கினார். எஞ்சியுள்ளவற்றுள் ஒன்று பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது.

கல்லூரி வாயிலை மிதிக்காதவர், இலத்தீன் அறியாதவர். 1673 முதல் தம் தாய்மொழியிலேயே இலண்டன் இராயல் சொசைட்டிக்குக் கடிதங்கள் எழுதினார். அச்சபை அவற்றை மொழிபெயர்த்து வெளியிட்டது. 1680-இல் அவரை உறுப்பினராகவும் ஏற்றது. அவ்வாண்டே பீரில் ஈஸ்ட்டின் நுண்ணுருண்டைகளைக் கண்டு எழுதினார். அவை உயிருள்ளவை என்று அவர் எண்ணவில்லை.

1683-இல் தம் பல்லின் மாசைச் சுரண்டிப் பார்த்தார். நாள்தோறும் உப்பால் பல் துலக்குபவர்தாம். எனினும் அம்மாசில் எண்ணற்ற உயிர்கள் துள்ளின. கடுங்காடியால் வாய் கொப்பளித்து மீண்டும் பார்த்தார். உயிர்கள் அப்படியே இருந்தன. வேறொருவராயின் காடிக்கு ஆற்றல் இல்லையென்று விட்டிருப்பார். அவரோ மாசை வெளியே எடுத்துக் கரைத்து, அதனோடு காடியைக் கலந்தார். உயிர்கள் உடனே மடிந்தன. ஆகவே, வாயில் ஊற்றிய காடி படலத்தின் மேற்புறத்து உயிர்களையே கொன்றது. உள்ளே புகவில்லை என்று தெளிந்தார்.

பெங்களூரில் நான் செய்யும் ஆய்வும் இதன் தொடர்ச்சியே. கேண்டிடா என்னும் நோய் விளைக்கும் ஈஸ்ட், பொய்ப்பற்களிலும், நோயாளியின் இரத்தக் குழாயில் செருகும் பிளாஸ்டிக் குழாய்களிலும் படலமாகப் படிகிறது. தானே சுரக்கும் பசையால் தன்னை மூடிக்கொள்கிறது. அப்பசையிலுள்ள குளுக்கான், ஃபுளுகோனசோல் என்ற மருந்தைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. திரவத்தில் மிதக்கும் ஈஸ்ட்டை அடக்கும் அளவு மருந்து, படலத்தை அசைப்பதில்லை. குழாயையே அகற்ற நேரிடுகிறது. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. ஆதலால் ஒவ்வொரு சேர்மத்தையும் மிதக்கும் ஈஸ்ட்டிலும் படலத்திலும் தனித்தனியே சோதிக்கிறோம்.

லீவன்ஹூக் 1723-இல், தமது 90-ஆம் வயதில் மறைந்தார். மரணப் படுக்கையிலும் இரு கடிதங்களை இலண்டனுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். நண்பர்களே, ஒரு மருந்து பயனற்றது என்று குறிப்பேட்டில் எழுதுமுன், அது உள்ளே சென்றதா என்று பார்க்கும் வழக்கத்தை அந்தத் துணி வணிகர்தாம் தொடங்கி வைத்தார்.