வீரர் யார்?
கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் வாழ்வு தரும் பாடம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

ஆத்தூரில் வசிஷ்ட நதிக்கரையில் பழைய கோட்டை ஒன்று நிற்கிறது. காலையில் மக்தபு முடிந்து பிள்ளைகள் கலையும் நேரத்தில், அந்தக் கோட்டையைப் பற்றி ஒரு மாணவன் பேச்செடுத்தான். பேச்சு வீரர்கள் பக்கம் திரும்பியது. உங்களுக்குத் தெரிந்த வீரர் யார் என்று பிள்ளைகளைக் கேட்டேன். பதினைந்து பிள்ளைகளில் பதினொருவர் நடிகர் பெயரைச் சொன்னார்கள். மூவர் கிரிக்கெட் ஆட்டக்காரர் பெயரைச் சொன்னார்கள். ஒரு சிறுவன் மட்டும் ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களின் பெயரைச் சொன்னான். அவனும் நான் எதிரில் இருக்கிறேனே என்று சொன்னானோ என்னவோ!

பிள்ளைகள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. நாம் கண்ணெதிரே வைத்ததைத்தான் அவர்கள் காண்கிறார்கள். நடிகர் பெயரைச் சொன்னவர்களில் ஒருவனுடைய அண்ணன் ஜவ்வரிசி ஆலையில் வேலை பார்க்கிறான். படம் வெளியான அன்று ஒரு வாரக் கூலியைக் கட்அவுட்டுக்கும் பாலுக்கும் பட்டாசுக்கும் கொடுத்துவிட்டு வீடு திரும்பினான். அந்த வாரம் அவன் தாயார் மருந்து வாங்கவில்லை. இதை அந்தத் தாயே என் வீட்டாரிடம் சொல்லி அழுதார்.

இது ஒரு வீட்டுக் கதை. நம் பக்கத்துக் கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று நடந்ததை நாடே அறியும். திரையுலகிலிருந்து அரசியலுக்கு வந்த ஒருவரைக் காணத் திரண்ட கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு 41 உயிர்கள் போயின. அவர்களில் தாய்மார்களும் பச்சிளம் பிள்ளைகளும் இருந்தார்கள். யார் மீது குற்றம் என்று பேசுவது நம் வேலையன்று. ஒரு மனிதரின் முகத்தைக் காண்பதற்காகக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நிற்கும் அளவுக்கு மக்களின் உள்ளம் ஏன் ஏங்குகிறது? இந்தக் கேள்வியைத்தான் ஒவ்வொரு வீட்டிலும் நாம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

மனித உள்ளம் யாரையாவது உயர்த்திப் பார்க்காமல் இருக்காது. அது இயற்கை. உயர்த்தத் தக்கவரைக் காட்டவில்லையென்றால், அது கையில் கிடைத்தவரை உயர்த்தும். ஆகவே அன்று பிள்ளைகளுக்கு மர்ஹூம் காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயீல் சாஹிப் அவர்களின் வரலாற்றைச் சொல்லத் தொடங்கினேன். தொடங்கியவுடன் அந்த ஆலைத் தொழிலாளியின் தம்பி குறுக்கிட்டு, அவர் எந்தச் சண்டையில் ஜெயித்தார் என்று கேட்டான். நல்ல கேள்வி! அதற்கு அன்று நான் சொன்ன விடையையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

இளமை

திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் 1896 ஜூன் 5ஆம் நாள் அன்னார் பிறந்தார்கள். தந்தையார் மியாகான் ராவுத்தர் அவர்கள் வணிகர். மார்க்க ஞானமும் உடையவர். மகன் சிறுவனாயிருக்கும்போதே தந்தை வஃபாத்தாகிவிட, வளர்க்கும் பொறுப்பு தாயாரின் தோளில் விழுந்தது. திருக்குர்ஆனையும் மார்க்கத்தின் அடிப்படைகளையும் பிள்ளைக்குப் புகட்டியவர் அந்தத் தாய்தான். தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். பின்னாளில் அரசியல் நிர்ணய சபையில் அஞ்சாமல் எழுந்து நின்ற நாவுக்கு முதன்முதல் பிஸ்மி சொல்லிக் கொடுத்தவர் ஒரு விதவைத் தாய்.

பதின்மூன்று வயதில், 1909இல், ஊரில் இளைஞர்களுக்கென ஒரு முஸ்லிம் சங்கத்தை அவர் தொடங்கினார். இன்று அந்த வயதுப் பிள்ளைகள் ரசிகர் மன்றத்தில் பெயர் கொடுக்கிறார்கள். இரண்டும் சங்கம்தான், நோக்கம்தான் வேறு.

திருநெல்வேலியிலும் திருச்சியிலும் சென்னையிலும் கல்லூரிப் படிப்பு நடந்தது. பி.ஏ. தேர்வு எழுத வேண்டிய நேரம் வந்தது. அது 1920. ஒத்துழையாமை இயக்கமும் கிலாபத் கிளர்ச்சியும் நாட்டை உலுக்கிய காலம். ஆங்கில அரசின் கல்விக்கூடங்களைத் துறக்குமாறு அழைப்பு வந்தபோது அவர் தேர்வு எழுதாமலேயே வெளியேறினார். அந்நாளில் பி.ஏ. பட்டம் என்றால் உத்தியோகம், சம்பளம், ஊரில் மரியாதை. அவற்றை விட்டு வந்ததற்காக யாரும் அவருக்கு மாலை போடவில்லை. பின்னர் தோல் வணிகத்தில் இறங்கி உழைத்து வாழ்ந்தார்.

ஓடாமல் நின்ற நாள்

பொதுவாழ்வில் படிப்படியாக உயர்ந்து, 1945இல் சென்னை மாகாண முஸ்லிம் லீகின் தலைவரானார். 1946 முதல் 1952 வரை சென்னைச் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவராகவும் இருந்தார். இடையில் 1947இல் நாடு விடுதலை பெற்றது, பிரிவினையும் வந்தது. வடக்கே இரத்த ஆறு ஓடியது. லீகின் பெருந்தலைவர்களில் பலர் பாகிஸ்தானுக்குப் போய்விட்டார்கள். இங்கே எஞ்சிய கோடிக்கணக்கான முஸ்லிம்கள் மேய்ப்பன் இல்லாத மந்தைபோல் திகைத்து நின்றார்கள். லீக் என்ற பெயரை உச்சரிக்கவே பலர் அஞ்சிய நேரம் அது.

சகோதரர்களே! ஒரு கூட்டம் வெற்றி பெற்று வரும்போது அதற்குத் தலைமை தாங்க ஆயிரம் பேர் வருவார்கள். அது பழிக்கும் சந்தேகத்திற்கும் ஆளாகி நிற்கும்போது முன்வருபவர் யார்? 1948 மார்ச் 10ஆம் நாள் சென்னையில், இன்று ராஜாஜி மண்டபம் என்று வழங்கும் இடத்தில், எஞ்சியிருந்த உறுப்பினர்கள் கூடினார்கள். அமைப்பைக் கலைத்துவிடலாம் என்றும் குரல் எழுந்தது. மவுலானா அபுல் கலாம் ஆசாத் போன்ற பேரறிஞர்களின் ஆலோசனையும் முஸ்லிம்களுக்கெனத் தனி அரசியல் அமைப்பு வேண்டாம் என்பதாகவே இருந்தது. ஆயினும் அமைப்பு இந்திய நாட்டின் அரசியல் சட்டத்துக்குட்பட்டுத் தொடரும் என்று முடிவாயிற்று. அதன் தலைமையை இஸ்மாயீல் சாஹிப் ஏற்றார்கள்.

இந்த முடிவு சரியா என்பதில் அன்றும் கருத்து வேறுபாடு இருந்தது, இன்றும் உண்டு. ஆசாத் அவர்களும் சமுதாயத்தின் நன்மையை நாடியே பேசினார்கள். அரசியல் வழக்கைத் தீர்ப்பது என் நோக்கமன்று. நான் சுட்டுவது ஒன்றைத்தான். கைதட்டலுக்குப் பதிலாகப் பழிச்சொல்லே பரிசாகக் கிடைக்கும் பதவி அது. அதைத் தெரிந்தே ஏற்றார். தம் மக்களை விட்டுப் போகாமல், இது என் நாடு என்று இந்த மண்ணில் கால் ஊன்றி நின்றார்.

தோற்கும் என்று தெரிந்தும் பேசியவர்

அரசியல் நிர்ணய சபையில் அவரும் ஓர் உறுப்பினர். 1948 நவம்பர் 23ஆம் நாள், பொது சிவில் சட்டம் பற்றிய பிரிவு விவாதத்துக்கு வந்தது. எந்தச் சமூகமும் தனக்குரிய தனியார் சட்டத்தைக் கைவிடுமாறு கட்டாயப்படுத்தப்படலாகாது என்று திருத்தம் கொண்டு வந்தவர் அவர். திருத்தம் ஏற்கப்படவில்லை. ஆனால் விவாதத்துக்குப் பதிலளித்த டாக்டர் அம்பேத்கர், வருங்காலப் பாராளுமன்றம் விரும்பி ஏற்போருக்கு மட்டுமே அத்தகைய சட்டத்தைப் பொருத்தத் தொடங்கலாம் என்ற கருத்தைச் சபையில் தெரிவிக்க நேர்ந்தது.

1949 மே மாதம் தனித்தொகுதி முறைக்காக வாதாடினார். முஸ்லிம் உறுப்பினர்களிலேயே சிலர் அதை எதிர்த்தார்கள். சர்தார் பட்டேல் கடுமையாக மறுத்துப் பேசினார். அங்கும் தோல்வி. அதே ஆண்டு செப்டம்பரில் ஆட்சிமொழி விவாதம் வந்தபோது, தொன்மையும் வளமும்தான் அளவுகோல் என்றால் தமிழுக்கே அந்தத் தகுதி உண்டு என்று எடுத்துரைத்தார். தாடியும் தொப்பியுமாக நின்ற ஒரு முஸ்லிம், தலைநகர் டில்லியில் தாய்த்தமிழுக்காக வாதாடினார். தீனும் தமிழும் அவர் நெஞ்சில் சண்டையிடாமல் குடியிருந்தன.

மூன்று விவாதங்கள், வாக்கெடுப்பு என்று பார்த்தால் மூன்றிலும் தோல்வி. திரையில் வரும் வீரன் ஒருபோதும் தோற்பதில்லை. அவனுக்காகக் கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். மெய்யான வாழ்வில், பெரும்பான்மை நம் பக்கம் இல்லை என்று தெரிந்த பிறகும் எழுந்து நின்று, குரலை உயர்த்தாமல், யாரையும் இழிவுபடுத்தாமல், சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு உட்காரும் துணிவு வேண்டும். பலசாலி என்பவன் மல்யுத்தத்தில் எதிரியை வீழ்த்துபவன் அல்லன், கோபம் வரும்போது தன்னை அடக்கி ஆள்பவனே என்று நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் அல்லவா? அந்தப் பாடத்தைச் சபை நடுவே நடத்திக் காட்டியவர் அவர். அதனால்தான் எதிர்த்து வாக்களித்தவர்களும் அவரைக் கண்ணியத்தோடு அழைத்தார்கள்.

பதவியும் எளிமையும்

1952 முதல் 1958 வரை ராஜ்ய சபையில் இருந்தார். பிறகு 1962, 1967, 1971 ஆகிய மூன்று தேர்தல்களிலும் கேரளத்தின் மஞ்சேரித் தொகுதி அவரை மக்களவைக்கு அனுப்பியது. மலையாளம் பேசும் மக்கள், ஒரு தமிழரைத் தொடர்ந்து மூன்று முறை தேர்ந்தெடுத்தார்கள். மொழி தெரிந்தவர் வேண்டும் என்று கேட்காமல் நம்பத் தகுந்தவர் வேண்டும் என்று கேட்டார்கள் போலும்!

1962இல் சீனப் படையெடுப்பு வந்தபோது, தம் ஒரே மகனை நாட்டின் படைக்கு அனுப்பத் தயார் என்று அறிவித்தார். பிறர் பிள்ளைகளைத் தியாகத்துக்கு அழைக்கும் தலைவர்கள் எல்லாக் காலத்திலும் உண்டு. தன் வீட்டிலிருந்து கணக்கைத் தொடங்குபவர் அரிது.

இத்தனை ஆண்டுக் காலம் பதவிகளில் இருந்தும் அவருடைய உடையும் உணவும் வீடும் எளிமையாகவே இருந்தன. தொழுகையைப் பேணினார். சமுதாயம் அவருக்குச் சூட்டிய காயிதே மில்லத் என்ற பட்டத்துக்குச் சமுதாயத்தின் தலைவர் என்று பொருள். அதைத் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ளவில்லை.

1972 ஏப்ரல் 5ஆம் நாள் சென்னையில் அன்னார் இறையடி சேர்ந்தார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கட்சி வேறுபாடின்றித் தலைவர்களும் பொதுமக்களும் திரண்டு வந்தார்கள். திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடக்கமானார்கள்.

பெயர் போகும்; செயல் நிற்கும்

1974இல் சென்னை அண்ணாசாலையில் தொடங்கிய அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1996இல் அஞ்சல்தலையும் வெளிவந்தது. நாகை மாவட்டத்திற்கும் ஒரு காலத்தில் அவர் பெயர் சூட்டப்பட்டிருந்தது. 1997இல் எல்லா மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் எடுக்கப்பட்டபோது அதுவும் போயிற்று. பலகையில் எழுதிய பெயர் அவ்வளவுதான்; ஓர் ஆணை எழுதும், மற்றோர் ஆணை அழிக்கும். கிராமுன் காத்திபீன் எழுதும் ஏட்டிலிருந்து எதையும் எந்த அரசும் அழிக்க முடியாது.

நம் முன்னோர் வரலாற்றிலும் இதே பாடம் இருக்கிறது. அல்லாஹ்வின் வாள் என்று போற்றப்பட்ட காலித் பின் வலீத் (ரலி) அவர்களைப் படைத்தலைமையிலிருந்து கலீபா உமர் (ரலி) அவர்கள் நீக்கினார்கள். வெற்றி அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்பதை மறந்து மக்கள் ஒரு மனிதரையே நம்பிவிடுவார்களோ என்ற அச்சம் அதற்கு ஒரு காரணம். காலித் (ரலி) அவர்கள் முணுமுணுக்கவில்லை, கலகம் செய்யவில்லை, பிறர் தலைமையின் கீழ் நின்று போரிட்டார்கள். படைக்குத் தலைமை தாங்கியதைவிட, தலைமை போன பின் வரிசையில் நின்றது பெரிய வீரம் என்பேன்.

மறுமையில் முதன்முதல் விசாரிக்கப்படுவோரில் போரில் உயிர்விட்ட ஒருவனும் இருப்பான். வீரன் என்று பெயர் எடுப்பதற்காகவே போரிட்டான் என்று சொல்லப்பட்டு நரகில் எறியப்படுவான் என்று நபிமொழி எச்சரிக்கிறது. உயிரைக் கொடுத்தவனுக்கே இந்த நிலை என்றால், முகஸ்துதிக்காக வாழ்கிறவர்களின் நிலை என்ன? அவர்களுக்குக் கைதட்டியே காலம் கழிக்கும் நம் நிலைதான் என்ன? கையிலிருக்கும் செல்போனில் நம் படத்தை நாமே போட்டுவிட்டு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணும் போது, நடிகரைக் குறை சொல்ல நமக்கு என்ன யோக்கியதை? இதை எழுதுகிற எனக்கும் சேர்த்தே சொல்கிறேன். பயான் முடிந்ததும் யாராவது பாராட்டமாட்டார்களா என்று என் நஃப்ஸும் எட்டிப் பார்க்கத்தான் செய்கிறது.

ஆகவே மூன்று காரியங்களை நம் வீடுகளில் தொடங்குவோம். முதலாவது, வாரத்தில் ஓர் இரவாவது இஷாவுக்குப் பின் பிள்ளைகளை அருகே உட்கார வைத்து ஸஹாபாக்கள், நல்லடியார்கள், நம் நாட்டுப் பெரியார்கள் ஆகியோரில் ஒருவரின் வரலாற்றைச் சொல்வோம். இரண்டாவது, நம் தெருவிலேயே இருக்கும் வீரர்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுவோம். வட்டியில்லாமல் கடை நடத்துபவரும், படுத்த படுக்கையான மாமியாரைப் பத்து ஆண்டாகப் பார்த்துக்கொள்ளும் மருமகளும் வீரர்களே. மூன்றாவது, யாருக்கும் தெரியாத ஒரு நற்செயலை ஒவ்வொருவரும் வைத்துக்கொள்வோம். அது இக்லாஸுக்கு உரமாகும்.

அன்று நான் சொல்லி முடித்ததும், அந்தச் சிறுவன் சற்று நேரம் யோசித்தான். அவர் கடைசி வரை யாரையும் அடிக்கவே இல்லையா என்று கேட்டான். இல்லை என்றேன். பயப்படவும் இல்லையா என்றான். பயம் வந்திருக்கும், ஆனால் ஓடவில்லை என்றேன். அவன் தலையாட்டினான். மறுநாளே அவன் மாறிவிட்டான் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவனுடைய புத்தகப் பையில் அந்த நடிகரின் படம் இன்னும் ஒட்டியிருக்கிறது. ஆனால் அந்த வாரம் தன் அண்ணனுக்கு இந்தக் கதையைச் சொன்னதாக அவனே வந்து தெரிவித்தான். விதை விழுந்தது, முளைக்கச் செய்பவன் அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உள்ளங்களில் உனக்கு உவப்பானவர்களின் அன்பை ஊன்றுவாயாக! புகழுக்காக ஏங்கும் நோயிலிருந்து எங்களைக் காப்பாயாக! சத்தியத்தில் உறுதியாய் நிற்கும் துணிவை எங்களுக்குத் தருவாயாக! மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, அவர்களின் கப்றை ஒளிமயமாக்கி வைப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.